சோலைமலையின் பெயரில் இருந்த அட்டைகள்

வட்டவளைக்கு மேலே செங்கல்மலைத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வாக்கில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எந்த லயத்தைப் பார்த்தாலும் தகரக் கூரைமேல் டிஷ் தெரியும். அவற்றில் பாதிக்குமேல் சோலைமலை பூட்டியவை. இந்த நாட்டில் டிஷ் ஏறக்குறைய மல்லாந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தால்தான் படம் வரும். மல்லாந்து கிடந்தால் மழைத்தண்ணீர் தேங்கும். வட்டவளை மழைக்கு ஒரே பொழுதில் நிரம்பிவிடும். அதனால் சோலைமலை எந்த டிஷ்ஷை எடுத்தாலும் முதல் வேலையாக அடியில் ஒரு துளை போட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறுவான்.

அவன் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பக்கம் நின்றவர், அம்மா கொழுந்து பறித்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அட்டனில் பொன்னையா என்பவரின் ரேடியோக் கடையில் ஈயம் உருக்கப் பழகினான். தொண்ணூறுகளில் லயங்களுக்குக் கரண்ட் வரவில்லை. கார் பேட்டரியில்தான் டிவி ஓடும். சோலைமலை பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்குவதும், சார்ஜ் ஏற்றித் திரும்ப மேலே கொண்டுவருவதுமாகக் காலம் போக்கினான். லயத்துக்கு ஒரு டிவி. வெள்ளிக்கிழமை படம் போட்டால் இஸ்தோப்புத் திண்ணை கொள்ளாத கூட்டம். கரண்ட் வந்த பிறகு டிவி வீட்டுக்கு ஒன்றாகி, அவனுக்கும் வேலை கூடியது. பிள்ளைக் காம்பராவில், கொழுந்துக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த சண்முகவடிவைக் கட்டினான். மதுரா என்று ஒரு மகள்.

அந்தச் சமயத்தில்தான் கொழும்புக் கம்பெனி ஒன்று டிஷ் வழியாகச் சானல்கள் தருகிறோம் என்று கிளம்பியது. பெட்டிக்குள் ஓர் அட்டையைச் சொருக வேண்டும். அட்டை இல்லாவிட்டால் திரையில் புள்ளி புள்ளியாக இரையும். அட்டனில் துரைராசா என்ற கடைக்காரர் ஏஜென்சி எடுத்தார். டிஷ் பூட்டத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, கடை மாடியில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர் குகநேசன், கம்பெனியின் என்ஜினியர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, பேசும்போது கையில் எதையாவது உருட்டிக்கொண்டே இருப்பார்.

குகநேசன் அன்று வயரையும் ஸ்க்ரூவையும் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். அட்டைகளைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். ஒவ்வோர் அட்டைக்குள்ளும் வேறு வேறு சாவிகள் வைத்திருக்கிறோம், யாராவது அட்டையைக் கள்ளத்தனமாக நகல் எடுத்து விற்றால், அந்த நகலைப் பரிசோதித்து மூல அட்டை எது என்று கண்டுபிடித்துவிடுவோம் என்றார். அதைவிட அவர் பெருமையாகச் சொன்னது இன்னொன்று. எந்த அட்டை யார் கையில் இருக்கிறது என்பது கம்பெனிக்கே தெரியாது. பெயர்கள் கம்ப்யூட்டரில் பூட்டிக் கிடக்கும். பூட்டைத் திறக்க இரண்டு பேர் சேர வேண்டும். ஓர் அட்டை களவு போனது என்று நிரூபணமானால் அந்த ஒரு பெயர் மட்டும் வெளியே வரும்.

"எந்த வீட்டில என்ன பாக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியத் தேவையில்லை. தெரியாமல் இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது," என்றார் குகநேசன். கொழும்பில் அவர் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். ஒவ்வொரு சுற்றிவளைப்பின்போதும் பொலிசார் லாட்ஜின் பதிவை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுவார்கள், பெயரை வாசிப்பார்கள், வாசிக்கப்பட்டவன் லொறியில் ஏற வேண்டும். இரண்டு தடவை ஏறியிருக்கிறார். தமிழர் பெயர்கள் ஓரிடத்தில் சேர்ந்து கிடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் இப்படிச் செய்தேன் என்றார்.

சோலைமலைக்கு வேறு சிக்கல் இருந்தது. அட்டை வாங்க அடையாள அட்டை வேண்டும், விலாசம் வேண்டும். லயத்தில் இருப்பவர்களில் பலருக்கு அடையாள அட்டை கிடையாது. பிறப்புச் சான்றிதழ் இருக்காது, இருந்தால் அதில் பெயர் வேறாக இருக்கும். ஒற்றையறை லயக் காம்பராவுக்குத் தனி விலாசமும் இல்லை. தோட்டத்தின் பெயரைப் போட்டால் கடிதம் ஆபிசில் போய்க் கிடக்கும். இவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டான். குகநேசன், உங்கள் பெயரிலேயே எடுத்துக் கொடுங்கள், எந்த அட்டை எந்த வீட்டில் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும், எங்கும் எழுத வேண்டாம் என்றார். துரைராசாவுக்கு வியாபாரம் நடந்தால் சரி.

அப்படித்தான் சோலைமலையின் பெயரில் அட்டைகள் சேர்ந்தன. மேல் லயம், கீழ் லயம், பாலத்தடி லயம் என்று இருபதுக்கு மேல் ஆகிவிட்டது. எந்த நம்பர் யார் வீட்டில் என்பது அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அந்த வீடுகளில் ஒன்று ராக்காயியுடையது. பாலத்தடி லயத்தின் கடைசிக் காம்பரா. புருசன் செத்து வெகுகாலம். மகன் கந்தப்பன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவன். ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுச் சில வாரம் உள்ளே இருந்தான். விட்டபோது அவனுடைய அடையாள அட்டையைத் திருப்பித் தரவில்லை. அட்டை இல்லாமல் கொழும்பில் நடமாட முடியாது. ஊருக்கே வந்து, தேயிலைச்செடி கவ்வாத்து வெட்டும் வேலைக்குப் போனான். டவுனுக்கு இறங்குவதில்லை, திருவிழாவுக்குக்கூட அட்டன் போவதில்லை. அவனுக்கிருந்த ஒரே ஆசை கிரிக்கெட். மழை கனத்துப் படம் உடைந்து உடைந்து வந்தாலும் பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பான். மகன் வீட்டோடு கிடக்கிறானே என்று ராக்காயிக்குச் சந்தோஷம்.

இரண்டாயிரத்து ஏழின் நடுவில் மஸ்கெலியாவிலும் கினிகத்தேனையிலும் பாதி விலைக்குக் கள்ள அட்டைகள் விற்க ஆரம்பித்தன. துரைராசா கடையில் வியாபாரம் படுத்தது. கம்பெனிக்காரர்கள் மஸ்கெலியாவில் ஒரு கள்ள அட்டையை ஆள் விட்டு வாங்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். சில வாரம் கழித்து, உடனே அட்டனுக்கு வா என்று சோலைமலைக்குச் சொல்லியனுப்பினார்கள்.

மாடியில் துரைராசா இருந்தார், குகநேசன் இருந்தார், கொழும்பிலிருந்து வந்த ஒரு மேனேஜரும் இருந்தார். மேனேஜர் சிங்களத்தில் பேசினார். கள்ள அட்டையைப் பெட்டியில் போட்டு, வேறு வேறு சாவியால் பூட்டிய படங்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தோம், எதைத் திறக்கிறது எதைத் திறக்கவில்லை என்று குறித்துக்கொண்டோம், அது ஒரே ஓர் அட்டையோடு அச்சாகப் பொருந்துகிறது என்றார். நம்பரைச் சொன்னார். அந்த அட்டை உன் பெயரில் இருக்கிறது, யார் வீட்டில் இருக்கிறது?

நம்பரைக் கேட்டதுமே சோலைமலைக்குத் தெரிந்துவிட்டது, ராக்காயி வீடு. தெரிந்த அதே நிமிடத்தில், கந்தப்பனுக்கு அட்டையைத் திறந்து நகல் எடுக்கிற வித்தையெல்லாம் தெரியாது என்பதும் தெரிந்தது. அவனுக்கு பியூஸ் போடவே வராது.

"எங்க வீட்டுலதாங்க இருக்கு," என்றான் சோலைமலை.

அப்படியானால் பொலிசில் உன் பெயரைக் கொடுக்கிறோம் என்றார் மேனேஜர். சோலைமலை தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு நின்றபோதுதான் மகளின் முகம் நினைவுக்கு வந்தது. மதுராவுக்கு அப்போது ஏழு வயது.

குகநேசன் அவனைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பால் இல்லாமல் இரண்டு பிளேன்டீ சொன்னார். நீங்கள் யாரையோ மறைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது என்றார் குகநேசன். சோலைமலை கந்தப்பனின் பெயரைச் சொல்லாமல், அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லை, சோதனையில் தப்பு நடந்திருக்கும் என்றான். தப்பு வராது என்றார் குகநேசன். மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே அட்டைதான். அந்த ஆளுக்குத் தெரியாமல் வேறு யாரோ அட்டையைக் கொண்டுபோய் நகல் எடுத்திருக்கலாம், நான் நேரில் போய் விசாரித்தால் தெரிந்துவிடும்.

"பொலிசுக்குப் போகாதுங்களே?"

"போகாது அண்ணை. பேர் எனக்குள்ளயும் கம்பனிக்குள்ளயும்தான் இருக்கும். நான் உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தாறன்."

சோலைமலை அவர் முகத்தைப் பார்த்தான். லாட்ஜ் கதையைச் சொன்ன முகம் அது. லொறியில் ஏற்றப்பட்டவர் இன்னொருவனை ஏற்றிவிட மாட்டார் என்று நம்பினான். கந்தப்பன் பெயரைச் சொன்னான். எந்த லயம், எந்தக் காம்பரா என்பதையும் சொன்னான்.

மறுநாள் காலையில் மேல் லயத்துக் கூரையில் ஒரு டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தான். வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடிய நேரம். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே பாலத்துப் பக்கம் ஜீப் வந்து நின்றது. கூரைமேல் இருந்தவனுக்கு எல்லாம் தெரிந்தது. பொலிசார் ராக்காயி காம்பராவுக்குள் போனார்கள். பெட்டியை எடுத்து வந்தார்கள், வயரைப் பிய்த்துச் சுருட்டினார்கள், ஒருவன் கூரைமேல் ஏறி டிஷ்ஷை உதைத்துத் தள்ளினான். பிறகு இருவர் பெரட்டுக் களத்துக்கு வந்து, வரிசையில் கத்தியோடு நின்ற கந்தப்பனைப் பிடித்தார்கள். அவன் ஓடவில்லை. கவ்வாத்துக் கத்தியைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். ராக்காயி ஒரு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் நடந்தாள். ஜீப் வளைவில் திரும்பிய பிறகும் நடந்தாள். யாரோ போய்க் கூட்டி வந்தார்கள்.

சோலைமலை கூரையிலிருந்து இறங்க வெகுநேரம் ஆனது. வீட்டுக்காரர்கள் படம் வந்துவிட்டதா என்று கீழிருந்து கேட்டார்கள்.

அன்று மத்தியானமே ராக்காயி அவனைத் தேடி வந்தாள். உனக்குத்தான் கம்பெனிக்காரர்களைத் தெரியுமே, ஒரு வார்த்தை சொல்லிப் பார் என்று கேட்டாள். ஏதோ அட்டைச் சமாச்சாரம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்களாம், ஸ்டேசனில் போய்ப் பார்த்தால் அட்டையைப் பற்றிப் பேச்சே இல்லையாம், அடையாள அட்டை ஏன் இல்லை, கொழும்பில் யாரோடு பழகினான், வயரும் மின்சாரச் சாமானும் வீட்டில் எதற்கு என்று கேட்கிறார்களாம். சோலைமலை, பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னான். அட்டனுக்குப் போன் போட்டான். குகநேசன் கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். துரைராசா, மேனேஜர் பெயரை வாங்கியதும் நேரே பொலிசுக்குத்தான் போனார், அதற்கு நான் என்ன செய்ய என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சாயந்தரம் சண்முகவடிவு பிள்ளைக் காம்பராவிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"நீங்களே போயி அவங்ககிட்ட சொல்லிருங்க," என்றாள். "வேற யாரும் சொல்லி அவங்களுக்குத் தெரிய வேணாம்."

போனான். ராக்காயி இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாப்பிட ஆள் இல்லாத வீட்டில் எதற்குக் கீரை என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சோலைமலை நின்றபடியே சொன்னான். தான் முதலில் மறைத்ததை, பிறகு நம்பிச் சொன்னதை, எல்லாம். அவள் கை நிற்கவில்லை.

"நீ சொல்லலேன்னா ஒன்னையப் புடிச்சிருப்பாங்களா?"

"ஆமாங்க."

"ம்." இன்னும் கொஞ்சம் கீரையை ஆய்ந்தாள். "நாளைக்கு எங்கூட டேசனுக்கு வா. எனக்குச் சிங்களம் வராது."

அவ்வளவுதான் அவள் சொன்னது. சோலைமலை அதைவிட நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று நினைத்தான்.

மறுநாள் ராக்காயியோடு ஸ்டேசனுக்குப் போனவன் அன்று திரும்பவில்லை. அவன் பெயரைக் கேட்டதும் உள்ளே வரச் சொன்னார்கள். ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை அட்டை? மற்ற அட்டைகள் யார் யார் வீட்டில் இருக்கின்றன? இத்தனை பெட்டி வைத்து என்ன செய்கிறீர்கள்? சிங்களத்தில் கேட்டார்கள், தமிழில் ஒருவன் மொழிபெயர்த்துக் கேட்டான். சோலைமலைக்கு ஒவ்வொரு நம்பரும் ஒவ்வொரு வீடும் தெளிவாக நினைவில் வந்தது. அந்த வீடுகளில் கந்தப்பனைப் போல அடையாள அட்டை இல்லாத பையன்கள் இன்னும் எத்தனை பேர் என்பதும் நினைவில் வந்தது. எல்லா அட்டையும் என் வீட்டில்தான் இருக்கிறது, விற்க வைத்திருந்தேன், சில தொலைந்துவிட்டது என்றான். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். அடித்தார்கள். இடது காதோடு சேர்த்து அடித்ததில் உள்ளே ஏதோ கிழிந்தது. அதன்பிறகு கேட்ட கேள்விகள் பாதிதான் காதில் விழுந்தன. ஒரு பெயரையும் அவன் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அவனுக்குத் தன்மேல் மதிப்பு ஒன்றும் வரவில்லை. சொல்லாமல் இருக்க முடியும் என்றால் முதலிலேயே இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

வெளியே லயங்களில் அட்டைகள் ஒரே இரவில் காணாமல் போயின. சண்முகவடிவு வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். சிலர் அடுப்பில் போட்டார்கள், சிலர் ஆற்றில் விட்டார்கள். தோட்டத் தலைவர் செல்லசாமி யூனியன் மூலமாக ஒரு வக்கீலைப் பிடித்து வந்தார். சோலைமலையை ஒரு வழியாக விட்டார்கள். கந்தப்பனை விடவில்லை. அவனை அதற்குள் அவசரகாலச் சட்டத்தில் போட்டு, தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குகநேசன் செங்கல்மலைக்கு வந்தார். வட்டவளை ரயில் ஸ்டேசனிலிருந்து மழையில் நடந்தே ஏறி வந்திருந்தார். சண்முகவடிவு துடைக்கத் துண்டு கொடுத்தாள், தேத்தண்ணி வைத்தாள், பிறகு அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. சோலைமலை வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

மேனேஜர் பொலிசுக்குப் போவார் என்று தனக்குத் தெரியாது என்றார் குகநேசன். பிறகு, அதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். கந்தப்பனைப் பிடித்த பிறகும் கள்ள அட்டை நிற்கவில்லை. கண்டியில் புதிதாக ஒன்று கிடைத்தது. அதைச் சோதித்தபோது இன்னோர் அட்டையோடு அச்சாகப் பொருந்தியது. எந்த அட்டை என்று பார்த்தால், அது இன்னும் விற்கப்படாமலே கொழும்பில் கம்பெனி ஸ்டோரில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. யார் கையிலும் போகாத அட்டையை யார் நகல் எடுக்க முடியும்?

அதற்குப் பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது. தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துப் பாயில் வைத்து விளக்கினார்.

"ஒவ்வொரு பூட்டுக்கும் ரெண்டு விதமான சாவி இருக்குது. உங்கட கொத்தில ஒரு விதம், என்ர கொத்தில மற்ற விதம். எல்லாக் கொத்தும் வேற வேற வரிசை. ஆனா ரெண்டு கொத்து ஒருத்தன்ர கையில கிடைச்சா, இதில கொஞ்சம், அதில கொஞ்சம் எண்டு எடுத்து மூண்டாவது கொத்து ஒண்டு கட்டலாம். அந்த மூண்டாவது வரிசை வேற ஆரோ ஒரு அப்பாவியின்ர வரிசையா வந்திட்டுது."

"அப்ப கந்தப்பன் வீட்டு அட்டைய யாரும் தொடவே இல்லீங்களா?"

"இல்லை அண்ணை. ஒருத்தரும் தொடேல்லை."

கலந்து எடுக்கப்பட்ட இரண்டு அட்டைகளையும் பிறகு கண்டுபிடித்துவிட்டார். இரண்டும் கடைகளில் ஆட்களுக்கு ஓட்டிக் காட்டக் கொடுத்த அட்டைகள். ஒன்று கண்டி ஏஜென்சியுடையது. மற்றது துரைராசா கடையில் இருந்தது. சாவி வரிசை இன்னும் நீளமாக இருந்திருந்தால் இப்படி ஒருவன்மேல் தவறாக விழுந்திருக்காது என்றார். முதலில் நீளமாகத்தான் செய்தாராம். அட்டை மலிவாக வேண்டும் என்று கம்பெனி சொன்னதால் குறைத்தாராம். ஒருவர் மட்டும் களவெடுத்தால் பிடிக்க அது போதும், இரண்டு பேர் கூட்டுச் சேர்வார்கள் என்று நினைக்கவில்லை என்றார்.

சோலைமலை சாவிக்கொத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தான்.

"நீங்க அன்னைக்குப் பொய் சொல்லலீங்க சார்," என்றான். "ஒங்களுக்கே தெரியாதத உறுதியாச் சொன்னீங்க. அதுதான்."

குகநேசன் சாவிக்கொத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தான் எழுத்தில் எல்லாவற்றையும் கம்பெனிக்கும் பொலிசுக்கும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கம்பெனி, எங்கள் முறையில் தவறு என்று வெளியே சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று அதை மூடிவிட்டது. துரைராசாவின் ஏஜென்சியைச் சத்தமில்லாமல் பறித்துக்கொண்டு, வழக்குப் போடாமல் விட்டுவிட்டது. பொலிசோ, நாங்கள் அந்த ஆளை அட்டைக்காக வைத்திருக்கவில்லையே என்று பதில் சொல்லிவிட்டது.

அது உண்மைதான். அட்டை தப்பு என்று ஆனதால் கந்தப்பனுக்கு அடையாள அட்டை வந்துவிடவில்லை. ஒரு தடவை உள்ளே இருந்தவன் என்பதும் மாறவில்லை. யாருக்கும் தெரியாமல் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவன் இப்போது அவர்களுக்குத் தெரிந்தவனாகிவிட்டான். குகநேசன் அதைப் புரிந்துகொண்டுதான் வந்திருக்க வேண்டும். ராக்காயியைப் பார்க்க வேண்டும் என்றார். சோலைமலை வேண்டாம் என்றான். அடுத்த வருடம் அவர் கம்பெனியை விட்டு வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி. அதன்பிறகு தகவல் இல்லை.

சோலைமலையும் ராக்காயியும் இயன்றபோதெல்லாம் தெற்கே போனார்கள். விடியற்காலை முதல் பஸ், பிறகு ரயில், பிறகு இன்னொரு பஸ். முகாம் வாசலில் வெயிலில் நிற்க வேண்டும். மலைக் குளிரிலேயே இருந்த ராக்காயிக்கு அந்த வெயில் ஆகாது, மயங்கி மயங்கி விழுவாள். சிலநாள் பார்க்க விடுவார்கள், சிலநாள் கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் கந்தப்பன் அம்மாவிடம் மட்டும் பேசுவான். சோலைமலை தள்ளி நிற்பான். தான் பெயரைக் கொடுத்ததை ராக்காயி மகனிடம் எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று சோலைமலைக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த நாட்களில் ராக்காயிக்கு மூச்சு முட்டியது. தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் லொறியிலேயே உயிர் போய்விட்டது. மகனைக் கொள்ளிவைக்க விடவில்லை. சோலைமலைதான் வைத்தான். ஊரில் சிலர் அதற்கு முகம் சுளித்தார்கள், செல்லசாமி வாயை மூடச் சொன்னார். அடுத்த முறை முகாமுக்குத் தனியாகப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கந்தப்பனிடம் அம்மா போய்விட்ட செய்தியைச் சொன்னவனும் சோலைமலைதான். கந்தப்பன் அன்று முதல்முறையாக அவனிடம் பேசினான். புதைத்தீர்களா, எரித்தீர்களா என்று கேட்டான். எரித்தோம் என்றான் சோலைமலை. கந்தப்பன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

யுத்தம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு கந்தப்பனை விட்டார்கள். ஒரு குற்றமும் சாட்டவில்லை. இடது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. கவ்வாத்துக்கு அந்தக் கை உதவாது என்று தோட்டத்தில் பேர் போட மறுத்துவிட்டார்கள். அம்மா இருந்த காம்பராவில் வேறு குடும்பம் குடியேறியிருந்தது. கொஞ்சநாள் செல்லசாமி வீட்டு இஸ்தோப்பில் படுத்திருந்தான்.

சோலைமலை அப்போது டிஷ் வேலையை விட்டுவிட்டு, மரக்கறித் தோட்டக்காரர்களின் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றும் வேலை செய்துகொண்டிருந்தான். உட்கார்ந்து செய்கிற வேலை, ஒரு கையால் பிடித்துக்கொண்டால் போதும். செல்லசாமி வீட்டுக்குப் போய், என்னோடு வந்து வேலை செய், பாதிக்குப் பாதி என்று கேட்டான். கந்தப்பன் படுத்திருந்த பாயைச் சுருட்டி வைத்தான்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லண்ணே," என்றான். "அம்மாவ நீங்க பாத்துக்கிட்டது எனக்குத் தெரியும். ஆனா தெனமும் ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்து என்னால வேல செய்ய முடியாது."

"சரிப்பா," என்றான் சோலைமலை.

கந்தப்பன் அந்த மாதமே கினிகத்தேனைக்குப் போய் ஒரு பேக்கரியில் சேர்ந்தான். முதலாளி சிங்களவர், நல்ல மனிதர் என்று சொன்னார்கள். அவரே அலைந்து திரிந்து அவனுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுத்தாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

செங்கல்மலையில் புதிய கம்பெனிகளின் டிஷ்கள் திரும்ப வந்துவிட்டன. அடையாள அட்டை இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உன் பெயரில் ஒன்று எடுத்துக் கொடு என்று சோலைமலையிடம் வந்து கேட்பார்கள். அவன் முடியாது என்று சொல்வான். காரணம் தெரிந்த பெரியவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். இளவட்டங்கள், ஆளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அவன் இடது காதுப் பக்கமாக நின்றே சொல்லிவிட்டுப் போவார்கள். அவனுக்கு அது கேட்காது. சண்முகவடிவுக்குக் கேட்கும்.

மோட்டார் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போகும்போது பஸ் கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிற்கும். பேக்கரி, ரோட்டின் எதிர்ப்பக்கம்தான். கந்தப்பன் வலது கையால் ரொட்டித் தட்டை இழுத்து வெளியே வைப்பது ஜன்னலிலிருந்து தெரியும். எல்லோரும் இறங்குவார்கள். சோலைமலை தன் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பான்.